சிறு வலையும் சிறு தரவும்: விழித்திரை நாளக் கூறாக்க ஆய்வுகளின் மதிப்பீட்டு முறை குறித்த திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

குறைந்த எண்ணிக்கையிலான மருத்துவப் படங்களைக் கொண்டு எடைகுறைந்த ஆழ்கற்றல் வலையமைப்புகளைப் பயிற்றுவிக்கும் ஆய்வுகள் பெருகிவருகின்றன. 'வலை சிறியது, ஆகவே சிறிய தரவே போதும்' என்னும் வாதம் அவற்றுட் பலவற்றிற்கு அடித்தளமாக அமைகிறது. வலையின் சிறுமையும் தரவின் சிறுமையும் வெவ்வேறு சிக்கல்கள் என்பதையும், இரண்டையும் ஒன்றாக்கும்போது மதிப்பீட்டுப் பிழைகள் கண்ணுக்குப் படாமற் போகின்றன என்பதையும் விழித்திரை இரத்த நாளக் கூறாக்கத்தைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஆழ்கற்றல், படக்கூறாக்கம், விழித்திரை நாளங்கள், யூ-நெட், டிரைவ் தரவுத்தொகுப்பு, மதிப்பீட்டு அளவைகள்

முன்னுரை

கண்ணின் உட்புறத்தை ஒளிபாய்ச்சி எடுக்கும் படத்தில், பார்வை நரம்புத் தட்டிலிருந்து இரத்த நாளங்கள் கிளைத்து விரிவதைக் காணலாம். உடலைக் கீறாமல் இரத்த நாளங்களை நேரில் காணக்கூடிய இடம் அது. நாளங்களின் அகலம், வளைவு, கிளைக்கும் கோணம் ஆகியவை நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் முதலிய நோய்களின் தடயங்களைத் தாங்கி நிற்பன. அவற்றை அளப்பதற்கு முன், படத்தின் ஒவ்வொரு புள்ளியும் நாளத்தைச் சேர்ந்ததா அன்றா எனக் குறித்தாக வேண்டும். இப்பணியே நாளக் கூறாக்கம் எனப்படுகிறது.

கலைச்சொல் பற்றி ஒன்று கூற வேண்டியுள்ளது. 'பகுப்பு' என்னும் சொல் இப்பணிக்குப் பொருந்துமாயினும் 'பகுப்பாய்வு' என்பதோடு மயங்குவதால் 'கூறாக்கம்' இங்கு ஆளப்படுகிறது. அதைவிடப் பெரிய மயக்கம் 'நரம்பு' என்னும் சொல்லில் உள்ளது. பேச்சுவழக்கில் இரத்தம் ஓடும் நாளமும் நரம்பு. உணர்வைக் கடத்துவதும் நரம்பு. 'நரம்பியல் வலையமைப்பு விழித்திரை நரம்புகளைக் கண்டறிந்தது' என எழுதப்பெறும் தொடர் எதனைக் குறிக்கிறது என்பது எழுதியவருக்கே வெளிச்சம். ஆதலின் இக்கட்டுரையில் இரத்தம் ஓடுவது 'நாளம்' என்றே சுட்டப்பெறும்.

கூறாக்கத்தில் தரவு குறைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நீரிழிவு விழித்திரை நோயைக் கண்டறியும் கருவிக்கற்றல் முறை ஒன்றைக் கூகுள் ஆய்வாளர்கள் 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியிட்டபோது 1,28,175 படங்கள் பயிற்சிக்குப் பயன்பட்டன. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா உள்ளிட்ட இந்தியக் கண் மருத்துவமனைகளின் படங்களும் அவற்றுள் அடங்கும். அங்கு மருத்துவர் செய்ய வேண்டியது ஒரு படத்திற்கு ஒரு தரநிலை வழங்குவதே. நாளக் கூறாக்கத்திலோ ஒருவர் படத்தின்மேல் குனிந்து, மயிரிழை போன்ற கிளைகளையெல்லாம் மணிக்கணக்கில் வரைய வேண்டும். அத்தகைய உழைப்பை இலட்சம் படங்களுக்கு எவரும் தரமாட்டார். எனவே இத்துறை இருபதுகளிலும் நாற்பதுகளிலும் எண்ணிக்கொண்டிருக்கிறது.

நாற்பது படங்கள்

இத்துறையில் மிகுதியாகப் பயன்படும் 'டிரைவ்' தொகுப்பை யோஸ் ஸ்டாலும் அவர்தம் குழுவினரும் 2004இல் வெளியிட்டனர். நெதர்லாந்தில் நடைபெற்ற நீரிழிவு விழித்திரை நோய்ப் பரிசோதனைத் திட்டத்தில் பங்கேற்ற 400 பேரின் படங்களிலிருந்து 40 படங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவற்றுள் 33 படங்களில் நோய்க்குறி இல்லை. 7 படங்களில் மட்டும் நோயின் மென்மையான தொடக்கநிலை தென்படுகிறது. படங்கள் அனைத்தும் ஒரே வகைக் கேமராவால், 45 பாகைக் காட்சிப்புலத்தில் எடுக்கப்பட்டவை. ஒவ்வொன்றும் 565 × 584 படப்புள்ளிகள் கொண்டது. இருபது பயிற்சிக்கு, இருபது சோதனைக்கு.

சோதனைப் படங்கள் மட்டும் இருமுறை கையால் வரையப்பெற்றன. முதல் வரைவே 'மெய்க்குறிப்பு' எனக் கொள்ளப்படுகிறது. இரண்டாம் வரைவு மனிதக் கண்ணின் எல்லையைக் காட்டும் ஒப்பீட்டிற்கு உரியது. முதல் வரைவில் 12.7 விழுக்காட்டுப் புள்ளிகள் நாளம் எனக் குறிக்கப்பட்டுள்ளன. இரண்டாம் வரைவில் 12.3 விழுக்காடு. மொத்த அளவில் இரண்டும் நெருங்கியவை எனினும் புள்ளிக்குப் புள்ளி ஒப்பிடுகையில் அவை ஒத்துப்போகும் துல்லியம் 0.947 அளவிலேயே நிற்கிறது.

இத்தொகுப்பின் சிறுமை குறையன்று. அது வெளியிடப்பட்ட காலத்தில், ஆளுக்கொரு படத்தை வைத்துக்கொண்டு முடிவு கூறிவந்த நிலையை மாற்றிப் பொது உரைகல்லாக அது அமைந்தது. குறை பின்வந்தோருடையது. இருபது ஆண்டுகளாக அதே இருபது சோதனைப் படங்களைக் கொண்டு 'முந்தையதைவிடச் சிறந்தது' என அறிவித்துவரும் மரபே இங்குத் திறனாய்வுக்குரியது.

வலையின் எடையும் தரவின் அளவும்

சிறிய தரவுக்குச் சிறிய வலைதான் ஏற்றது என்னும் கருத்து, யூ-நெட்டின் வரலாற்றை மறந்ததால் எழுந்தது. ஓலாஃப் ரோன்னெபெர்கர், பிலிப் ஃபிஷர், தாமஸ் பிராக்ஸ் ஆகியோர் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்திலிருந்து 2015இல் வெளியிட்ட அவ்வலையமைப்பு ஏறத்தாழ 3 கோடியே 10 இலட்சம் அளவுருக்களைக் கொண்டது. பழ ஈயின் நரம்புத் திசுவை மின்னணு நுண்ணோக்கியால் எடுத்த 30 படங்களே அதன் முதற் சோதனைக்குப் பயிற்சித் தரவு. 3 கோடி அளவுருக்கள் 30 படங்களில் கற்றுக்கொண்டன என்பது முரணாகத் தோன்றலாம். அவர்கள் கைக்கொண்ட உத்தி தரவுப் பெருக்கம். படங்களை இரப்பர்த் தாள் போல இழுத்தும் நெளித்தும், திசு இயல்பாக அடையக்கூடிய உருமாற்றங்களைப் பயிற்சியில் புகுத்தினர். இன்னொன்று, கூறாக்கத்தில் ஒவ்வொரு படப்புள்ளியும் ஒரு பயிற்சிக் குறிப்பு. ஆகவே 30 படங்களும் பல இலட்சம் குறிப்புகளைத் தந்தன.

இந்த இரண்டாம் காரணத்தைத்தான் பல கட்டுரைகள் தவறாகக் கையாளுகின்றன. இருபது படங்களிலிருந்து சிறுசிறு துணுக்குகளை வெட்டியெடுத்து, 'இலட்சத்திற்கும் மேற்பட்ட பயிற்சித் தரவுகள்' என எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஒன்றன்மேல் ஒன்று படிந்து வெட்டப்பட்ட துணுக்குகள் தனித்தனிச் சான்றுகளாகா. அண்டைப் புள்ளிகள் ஒரே கண்ணுக்கும், ஒரே ஒளியமைப்புக்கும், ஒரே கைவரைவுக்கும் உரியவை. நோயாளிகளின் எண்ணிக்கை அப்போதும் இருபதுதான். அத்துணுக்குகளைக் குலுக்கிப் பயிற்சிக்கும் சரிபார்ப்புக்கும் பிரித்துவிட்டால், வலை முன்பே பார்த்த கண்ணையே 'புதிது' எனப் பார்க்கிறது. இங்கிலாந்துச் சிறார் 14 பேரின் இரு கண்களையும் படமெடுத்த 'சேஸ் டிபி1' தொகுப்பில் இப்பிழை இன்னும் நுட்பமானது. 28 படங்களைக் குருட்டாம்போக்கில் பிரித்தால், ஒரு சிறுவனின் இடக்கண் பயிற்சியிலும் வலக்கண் சோதனையிலும் போய் அமரும். படங்களின் எண்ணிக்கையைச் சொல்லி, ஆள்களின் எண்ணிக்கையைச் சொல்லாத கட்டுரையை மதிப்பீட்டாளர் திருப்பியனுப்புவதில் தவறில்லை.

அளவுரு குறைந்தால் மிகைப்பொருத்தம் குறையும் என்னும் புள்ளியியல் அறிவு முற்றிலும் தவறென்பது இதன் பொருளன்று. கட்டமைப்பைச் சுருக்குவது தரவின் பஞ்சத்தைத் தீர்க்கும் முதன்மை வழி என்பதற்குச் சான்று வலுவாக இல்லை என்பதே கருத்து. 2021இல் வெளிவந்த 'என்என்யூ-நெட்' ஆய்வு, புதுக் கட்டமைப்பு எதனையும் முன்வைக்காமல், முன்செயலாக்கத்தையும் பயிற்சி நெறியையும் தரவுக்கேற்ப ஒழுங்குசெய்தே 23 பொதுத் தொகுப்புகளில் முன்னணி முடிவுகளைப் பெற்றது. கட்டமைப்பில் ஒரு கண்ணியைக் கூட்டியும் குறைத்தும் பெறப்படும் மூன்றாம் தசம இட வேறுபாடுகளை இதன் ஒளியில் காண வேண்டும்.

'எடை' எதைக் குறிக்கிறது?

எடைகுறைப்பு முறைகளுட் புகழ்பெற்றது, 2017இல் மொபைல்நெட் வழியாகப் பரவலான பிரித்துச் செய்யும் கன்வல்யூஷன். 64 தடங்களிலிருந்து 64 தடங்களுக்குச் செல்லும் 3 × 3 வடிகட்டிக்கு வழக்கமான முறையில் 36,864 எடைகள் தேவை. ஒவ்வொரு தடத்தையும் முதலில் தனித்து வடிகட்டிப் பின்னர்ப் புள்ளிதோறும் கலந்தால் 576 + 4,096, அதாவது 4,672 எடைகள் போதும். ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. கணக்கு அழகானது, அதனை மறுப்பார் இல்லை.

ஆயினும் கூறாக்கத்தில் நினைவகத்தை விழுங்குவது எடைகள் அல்ல. 512 × 512 அளவுள்ள படத்திற்கு முதல் அடுக்கில் 32 தடங்கள் இருப்பின், ஒவ்வோர் எண்ணுக்கும் 4 பைட் வீதம் அவ்வடுக்கின் இடைநிலை வெளியீடு மட்டும் 3 கோடியே 35 இலட்சம் பைட்டுகளுக்கு மேல் வேண்டும். 70,000 அளவுருக்கள் கொண்ட சிறுவலையின் எடைகள் அனைத்தும் 2,80,000 பைட்டுகளில் அடங்கிவிடும். எடைகளை எட்டில் ஒன்றாக்கினாலும் முதலடுக்கின் வெளியீடு அப்படியே இருக்கிறது. மேலும், பிரித்துச் செய்யும் முறையில் பெருக்கல்கள் குறைந்தாலும் நினைவகத்திற்குப் போய்வரும் சுமை அந்த அளவுக்குக் குறைவதில்லை. பெருக்கல் எட்டில் ஒன்றாகிவிட்டது என்பதால் நேரமும் எட்டில் ஒன்றாகிவிடாது. 'ஊர்ப்புற முகாம்களில் கைப்பேசியிலேயே இயங்கத்தக்கது' என முன்னுரையில் எழுதும் கட்டுரை, அளவுரு எண்ணிக்கையை மட்டும் அட்டவணையிட்டு, கைப்பேசி எதிலும் எடுத்த நேரத்தையும் பிடித்த நினைவகத்தையும் கூறாது விட்டால், முன்னுரை வாக்குறுதியாகவே நின்றுவிடுகிறது.

அளவுகோலின் கோணல்

மதிப்பீட்டு அளவைகளைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். டிரைவ் படங்களில் நாளப்புள்ளிகள் 12.7 விழுக்காடே என்பதால், எதையும் காணாமல் 'எல்லாம் பின்னணி' என எழுதும் நிரலும் 87.3 விழுக்காடு துல்லியம் பெறும். ஆகவே துல்லியம் என்னும் அளவையின் பயனுள்ள பரப்பு மிகக் குறுகியது.

அக்குறுகிய பரப்பிலும் ஒரு கள்ளவழி உண்டு. விழித்திரைப் படம் வட்டமானது, கோப்பு செவ்வகமானது. வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 540 படப்புள்ளிகள். ஆகவே செவ்வகத்தின் 3,29,960 புள்ளிகளுள் ஏறத்தாழ 2,29,000 புள்ளிகளே கண்ணைக் காட்டுவன. எஞ்சிய முப்பது விழுக்காடு வெறுங் கறுப்பு. அக்கறுப்பைப் 'பின்னணி' எனச் சொல்ல எந்த நுண்ணறிவும் வேண்டியதில்லை. வட்டத்திற்குள் 0.947 துல்லியம் கொண்ட வரைவை எடுத்துக்கொள்வோம். அதன் பிழை 0.053. அதே வரைவைச் செவ்வகம் முழுவதற்கும் கணக்கிட்டால் பிழை 0.037 ஆகச் சுருங்கித் துல்லியம் 0.963 ஆகிறது. ஒரு புள்ளியும் மாறவில்லை. வகுக்கும் எண் மட்டும் மாறியது. வட்டத்திற்குள் கணக்கிட்டோரையும் செவ்வகத்தில் கணக்கிட்டோரையும் ஒரே அட்டவணையில் அடுக்கி, பின்னவரை வென்றவராக அறிவித்தால், அந்த வெற்றி கறுப்பு நிறத்துக்குச் சேர வேண்டியது.

டைஸ் கெழு இக்குறையைப் பெரிதும் நீக்குகிறது. பின்னணியைச் சரியாகச் சொன்னதற்கு அது மதிப்பெண் தருவதில்லை. (உயிரினங்கள் இரண்டு ஒரே இடத்தில் சேர்ந்து வாழ்வதை அளக்க லீ டைஸ் என்னும் சூழலியலாளர் 1945இல் வகுத்த அளவை இன்று கண் மருத்துவத்தில் வந்து நிற்பது சுவையான செய்தி.) டிரைவின் இரண்டாம் மனித வரைவை முதலாவதோடு இவ்வளவையால் ஒப்பிட்டால் 0.79 அளவு கிடைக்கிறது. இன்றைய வலைகள் 0.82ஐத் தொடுகின்றன. 'இயந்திரம் மனிதரை வென்றது' எனச் சிலர் எழுதுவது இதனை வைத்தே.

இந்த முடிவைப் பொருள்கொள்ளும் முறையில்தான் உண்மையான கருத்து வேறுபாடு எழுகிறது. வலை வென்றது முதல் வரைவோடு ஒத்துப்போவதில். அதாவது எந்த இடத்தில் நாளம் முடிந்தது எனக் கைவிடுவது, எவ்வளவு தடிமனாகக் கோடிழுப்பது என்னும் வரைவுப் பழக்கத்தைக் கற்றுக்கொண்டதில். கண்ணை நன்கு பார்த்ததற்கு அதில் சான்றில்லை. ஐயமுள்ளவர்கள் அமெரிக்காவின் 'ஸ்டேர்' தொகுப்பைக் காணலாம். ஆடம் ஹூவரும் குழுவினரும் 2000இல் வெளியிட்ட அதன் 20 படங்களையும் இருவர் வரைந்தனர். ஒருவர் 10.4 விழுக்காட்டுப் புள்ளிகளை நாளம் எனக் குறித்தார், மற்றவர் 14.9 விழுக்காடு குறித்தார். ஒரே கண்களில் ஒருவர் மற்றவரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நாளம் கண்டிருக்கிறார். ஆய்வுகள் பெரும்பாலும் முதலாமவரை மெய் எனக் கொள்கின்றன. இரண்டாமவரை மெய்யெனக் கொண்டிருந்தால், நுண்கிளைகளைக் கண்டுபிடித்த வலைகள் தவறிழைத்தவையாக எண்ணப்பட்டிரா. மூன்றாம் தசம இடத்தில் போட்டியிடுவோர் முதல் தசம இடமே வரைந்தவரின் கையைப் பொறுத்தது என்பதைக் குறிப்பிட்டுவிட்டுப் போட்டியிடலாம்.

டைஸ் கெழுவிற்கும் குருட்டிடம் உண்டு. மூன்று புள்ளி அகலமுள்ள நுண்நாளத்தை வலை முழுமையாகக் கண்டு, ஒரே ஒரு புள்ளி பக்கவாட்டில் தள்ளி வரைந்தால் கெழு 0.67 ஆக வீழ்கிறது. ஐந்நூறு புள்ளி நீளமுள்ள நாளத்தைச் சரியான இடத்தில் வரைந்து, நடுவில் ஐந்து புள்ளி நீளம் அறுத்துவிட்டால் கெழு 0.99க்கு மேலேயே நிற்கிறது. இரத்த ஓட்டத்தை நாடுவோருக்கு அறுந்த நாளமே பெருந்தீங்கு. தள்ளி வரைந்தது சிறுபிழை. அளவை இதற்கு நேர்மாறாகத் தீர்ப்பளிக்கிறது. அகலத்தை அளக்க விரும்புவோருக்கோ நிலைமை வேறு. அவர்களுக்குத் தடிமனில் ஒரு புள்ளிப் பிழையும் மூன்றில் ஒரு பங்குப் பிழை. 2021இல் முன்மொழியப்பட்ட நடுக்கோட்டு டைஸ் அளவை, நாளத்தின் எலும்புக்கூடு தொடர்ச்சியாக உள்ளதா என நோக்குகிறது. எந்தப் பயனுக்கு எந்தப் பிழை பொறுக்கத்தக்கது என்று முதலில் கூறிவிட்டு அளவையைத் தேர்வதே முறை. சிறிய வலைகளுக்கு இது மேலும் பொருந்தும். தடங்களைக் குறைக்கும்போது முதலில் நலிவது ஒன்றிரண்டு புள்ளி அகலமுள்ள மங்கிய கிளைகளே, அவை மொத்த எண்ணிக்கையில் சிறுபான்மை என்பதால் சராசரி அதனைக் காட்டிக்கொடுப்பதில்லை.

சிறிய வலையின் நேர்மையான வெற்றி

இவ்வாறு கூறுவதால் எடைகுறைந்த வலைகள் பயனற்றவை என்றாகாது. ஆட்ரியன் கால்ட்ரானும் உடனாய்வாளர்களும் 2022இல் வெளியிட்ட ஆய்வு, இத்துறையில் நிறைவளிக்கும் சிலவற்றுள் ஒன்று. யூ-நெட்டை ஏறத்தாழ 34,000 அளவுருக்களாகச் சுருக்கி, கவனமாகப் பயிற்றுவித்தபோது, அது சிறந்த முறைகளின் அருகே வந்து நின்றது. அத்தகைய சிறுவலை இரண்டைத் தொடராக இணைத்து, முதலாவதன் விடையை இரண்டாவது திருத்தும்படி அமைத்த 'டபிள்யூ-நெட்' ஏறத்தாழ 70,000 அளவுருக்களிலேயே முன்னணியில் சேர்ந்தது. மூல யூ-நெட்டோடு ஒப்பிட்டால் நானூற்றில் ஒரு பங்கு.

இம்முடிவை இருவகையாகப் படிக்கலாம். சிறிய வலை பெரிய வலைக்கு நிகரானது என்பது ஒன்று. இச்சோதனை பெரிய வலையையும் சிறிய வலையையும் வேறுபடுத்தும் ஆற்றலற்றது என்பது மற்றொன்று. ஒரு தேர்வில் எல்லா மாணவரும் ஒரே மதிப்பெண் பெற்றால், ஆசிரியர் மாணவரைப் புகழுமுன் வினாத்தாளை எடுத்துப் பார்ப்பார். கால்ட்ரான் குழுவினரும் அதைத்தான் செய்தனர். ஒரு தொகுப்பில் பயின்ற வலையைப் பயிலாத பிற தொகுப்புகளில் ஓட்டி, பத்துத் தொகுப்புகள் வரை ஒப்பிட்டனர். பயிற்சிப் படங்களினின்று மிகுதியும் வேறுபட்ட படங்களில் நாளக் கூறாக்கம் இன்னும் தீராத சிக்கலே என அவர்களே முடிவுரைத்தனர். தம் வலையின் வெற்றியை அறிவிக்கும் அதே கட்டுரையில் களத்தின் தோல்வியையும் பதிவுசெய்தது போற்றத்தக்கது. அவர்தம் அளவுரு எண்ணிக்கையை மேற்கோள் காட்டும் பின்னைய கட்டுரைகள் இப்பகுதியையும் படித்திருக்கலாம்.

வேறுபட்ட படம் என்பதற்குத் தொலைவில் தேட வேண்டியதில்லை. மகாராட்டிரத்தின் நாந்தேடில் உள்ள கண் மருத்துவமனையில் எடுக்கப்பட்டு 2018இல் வெளியான 'ஐடிரிட்' தொகுப்பில் 516 படங்கள் உள்ளன. அவற்றுள் 81 படங்களில் மட்டும் நோய்க்குறிகள் புள்ளிக்குப் புள்ளி வரையப்பெற்றுள்ளன. இங்கு வரையப்பட்டவை நாளங்கள் அல்ல. நுண்நாளப் புடைப்பு, இரத்தக்கசிவு, கொழுப்புப் படிவு முதலியன. படங்கள் 4288 × 2848 அளவின. காட்சிப்புலம் 50 பாகை. டிரைவ் அளவில் பயின்ற சிறுவலைக்கு இப்படத்தை ஊட்ட, ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகச் சுருக்க வேண்டும். அப்போது 24 புள்ளி அகலமுள்ள புடைப்பு 3 புள்ளியாகிவிடுகிறது. அதற்கும் சிறியவை மறைந்தே போகும். சுருக்காமல் துணுக்கு துணுக்காக ஊட்டினால் ஒரு படத்திற்கே ஏறத்தாழ நாற்பது முறை வலையை ஓட்ட வேண்டும். மிச்சப்படுத்திய நேரம் அங்கே செலவாகிறது. நீரிழிவு விழித்திரை நோயின் முதற்குறி பெரும்பாலும் அந்த நுண்புடைப்புதான் என்பதை எண்ணினால், எடைகுறைப்பின் விலையை யார் தருகிறார் என்பது விளங்கும்.

அதே ஆய்வில் புதுத் தொகுப்புக்கு வலையை இசைவிக்க ஓர் எளிய முறையும் சோதிக்கப்பட்டது. குறிப்பிடப்படாத புதுப் படங்களில் வலை தானே வரைந்த வரைவையே மெய்க்குறிப்பாகக் கொண்டு, பழைய தரவோடு சேர்த்து மீண்டும் பயிற்றுவித்தனர். ஓரளவு முன்னேற்றம் கிடைத்தது. தரவுப் பஞ்சத்துக்கு இது மலிவான மருந்து என்பதில் ஐயமில்லை. இனிவரும் எடைகுறைந்த ஆய்வுகள் பலவும் இவ்வழியில் செல்லக்கூடும். அவ்வாறு செல்வோர், வலை தவறவிட்ட கிளைகள் அதன் சொந்த வரைவிலும் இரா என்பதையும், இரண்டாம் முறை அவற்றை இல்லை என்றே அது கற்கும் என்பதையும் கணக்கில் கொண்டு, புதுத் தொகுப்பிலிருந்து ஐந்தாறு படங்களையாவது ஒருவரைக்கொண்டு கையால் வரையச்செய்து ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். இருவரைக்கொண்டு வரையச்செய்தால் இன்னும் நன்று.